டைரி எழுதினால் உண்மையிலேயே மனசுக்கு ஏதாவது நடக்குமா?

கேள்வி: ஸ்டோர்க்கணக்கு (கம்பம்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கம்பம். வேலை மலைக்கு மேலே, கேரளாவில் வண்டன்மேடு பக்கத்தில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் (காயை உலர்த்தும் இடம்) கணக்கு எழுதுவது. விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகப் போய்த் திரும்பி வரும்போது இருட்டிவிடும்.

போன சித்திரையில் அப்பா தவறிவிட்டார். அதிலிருந்து தூக்கம் சரியில்லை. உடம்பு அசந்து போய்ப் படுத்தாலும் கண் மூடாது. நாளைக்கு யாருக்குக் கூலி பாக்கி, எந்தத் தோட்டத்துப் பச்சைக்காய் எடை போடவில்லை என்று ஒரு பக்கம் ஓடும். இன்னொரு பக்கம் அப்பாவின் கடைசி வாரம். முதல் நாளே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்ப அதே இடத்தில் போய் நிற்கிறது.

டாக்டரிடம் போனேன். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், படுப்பதற்கு முன்னால் கொஞ்சம் எழுதிப் பாருங்கள் என்றார். என்ன எழுதுவது, எதற்கு எழுதுவது என்று கேட்க அப்போது தோன்றவில்லை. வெளியே கூட்டம் வேறு.

பகல் முழுக்க நோட்டில் எழுதுகிறவள் நான். ராத்திரியும் எழுதினால் மனசு எப்படி லேசாகும்? எழுதுகிறவர்கள் இங்கே இருந்தால், உங்களுக்கு நேரடியாகக் கிடைத்த பலன் என்ன என்று சொல்லுங்கள். பொதுவாக 'நல்லது' என்று வேண்டாம். என்ன மாறியது என்று வேண்டும்.

பதில்: அணக்கரைக்காரி

அப்பாவை நினைத்து வருத்தப்படுகிறேன்ம்மா. என் மகள் வயது இருப்பாய், அதனால் 'நீ' என்றே சொல்கிறேன்.

நாங்கள் அணக்கரைப் பக்கம் மூன்று தலைமுறையாக ஏலச்செடி வைத்திருக்கிறோம். பெரிய தோட்டம் இல்லை. சொந்தமாகச் சின்ன ஸ்டோர் ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி இங்கே வந்த சில வருடங்களிலேயே டைரி எழுத ஆரம்பித்துவிட்டேன். யாரும் சொல்லி ஆரம்பிக்கவில்லை. தலைவலி ஆரம்பிக்க வைத்தது.

அந்தத் தலைவலி ஒரு பக்கமாக வரும். வெளிச்சம் ஆகாது, வாந்தி வரும், ஒரு நாள் முழுக்கப் படுக்கையில் தள்ளிவிடும். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கூதல் காற்று என்றார் மாமியார். மருந்து அடிக்கிற வாசம் என்றார் வீட்டுக்காரர். கண்ணாடி போட வேண்டும் என்றாள் தங்கை. கட்டப்பனையில் பார்த்த டாக்டர்தான், வலி வருகிற நாளையும் அதற்கு முந்தைய நாளையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எத்தனை மணிக்குத் தூங்கினேன், எப்போது சாப்பிட்டேன், என்ன வேலை செய்தேன், வலி எப்போது தொடங்கியது. இவ்வளவுதான்.

உனக்கே தெரியும், காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் நாளில் பச்சைக்காயைத் தட்டில் பரப்பிவிட்டால் இராத்திரி முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும். சூடு ஏறினால் காய் வெடிக்கும், நிறம் போகும். விறகு அடுப்பு என்றால் அதைப் பார்த்துக்கொள்வதே ஒரு ஆள் வேலை. அந்த ஆள் எங்கள் வீட்டில் நான். ஒரு சீசன் முழுக்க எழுதிப் பார்த்தபோது, மருந்து அடித்த நாளுக்கும் அந்த வலிக்கும் தொடர்பே தெரியவில்லை. (மருந்து அடித்தால் கண் எரிச்சல் உண்டு. அதைத் தனியாக எழுதியிருந்தேன்.) ஸ்டோரில் விழித்திருந்து, மறுநாள் காலையில் வெறும் கட்டன் சாயாவோடு ஓடி, பதினோரு மணிக்கு மேல் சாப்பிட்ட நாட்களில்தான் வலி வந்திருந்தது. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒற்றைத் தலைவலி என்று சொல்லி, அங்கிருந்துதான் வைத்தியத்தைத் தொடங்கினார். நானும் வீட்டுக்காரரும் இரவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். காலையில் இரண்டு இட்லியாவது வயிற்றில் போடாமல் கீழே இறங்குவதில்லை. வலி அடியோடு போகவில்லை, ஆனால் சீசனைக் கெடுக்கிற அளவுக்கு வருவதில்லை.

தலைவலிக்கு ஆரம்பித்த நோட்டு அப்படியே மற்றதற்கும் வளர்ந்தது. நீ கேட்ட 'என்ன மாறியது' என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது.

எனக்கும் மாமியாருக்கும் சண்டை வரும். குழம்பில் உப்பு, பிள்ளைக்குச் சளி, துணி காயவில்லை என்று எதில் வேண்டுமானாலும் தொடங்கும். இராத்திரி நோட்டில் கொட்டித் தீர்ப்பேன். அதில் அப்போதைக்கு ஒரு ஆறுதல் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தை மாதம் பழைய நோட்டைப் புரட்டும்போது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பெரிய சண்டைகள் எல்லாம் பங்குனி முதல் ஆனி வரைக்கும்தான். ஆவணி, புரட்டாசியில் ஒன்றுகூட இல்லை. அப்போது மட்டும் குழம்பில் உப்பு சரியாகவா இருந்திருக்கும்?

மாசியோடு காய் வரத்து நின்றுவிடும். அடுத்த எடுப்பு ஆடி வாக்கில்தான். இடையில் கையில் காசு இருக்காது, ஆனால் கவாத்து எடுக்க, உரம் போட, தண்ணீர் இறைக்கக் கூலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் நரம்பு முறுக்கேறி இருக்கும். காசைப் பற்றிப் பேசப் பயந்துகொண்டு உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். மாமியாரிடம் நோட்டைக் காட்டவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர்தான், ஐப்பசியில் ஒரு சீட்டுப் போட்டுப் பங்குனியில் எடுப்போம் என்றார். அந்த ஏற்பாடு இன்றைக்கும் நடக்கிறது. அவர் இறக்கும் வரைக்கும் எங்களுக்குள் அந்தப் பழைய மாதிரி சண்டை வரவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். நடந்ததை மட்டும் எழுதினால் கணக்கு நோட்டு. மனசில் இருப்பதை மட்டும் கொட்டினால் அன்றைக்கு ஆறும், நாளைக்கு மறுபடி நிறையும். இரண்டையும் எழுதிவிட்டு, 'ஏன் இப்படி ஆயிற்று, எனக்குத் தோன்றுவது இது' என்று ஒரு வரியாவது சேர்த்து எழுது. பிறகு எப்போதாவது பழையதைப் புரட்டு. அந்த ஒரு வரிதான் எனக்கு வேலை செய்தது.

முடிவெடுக்கவும் இது உதவும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலக்காய் ஏல மையத்தில் நல்ல காய் கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போனது. ஊரே தலைகால் புரியாமல் இருந்தது. பக்கத்து நிலம் விலைக்கு வந்தது, கடன் தரவும் ஆள் இருந்தது. வாங்கலாமா என்று எழுத உட்கார்ந்தேன். வாங்க வேண்டும் என்பதற்கு என்னால் எழுத முடிந்த ஒரே காரணம், 'எல்லோரும் வாங்குகிறார்கள்'. வறட்சியிலும் காற்றிலும் செடி போனதால்தான் விலை ஏறியது, செடி வந்துவிட்டால் விலை இறங்கும் என்பதை அதற்குக் கீழே எழுதினேன். வீட்டுக்காரரிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். வாங்கவில்லை. பின்னால் கிலோ ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கியபோது கடன் இல்லாமல் தூங்கினோம்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். 2018 ஆகஸ்ட் மழை. இடுக்கி அணையின் ஷட்டரை 26 வருடத்துக்குப் பிறகு திறந்தார்கள். மலை எந்தப் பக்கம் சரியும் என்று தெரியாது, கரண்ட் கிடையாது, ரோடு துண்டாகிவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வருவது பயம் ஒன்றுதான். நோட்டில் வேறு பலதும் இருக்கிறது. கீழ்வீட்டு மலையாளி அம்மச்சி கப்பைக் கிழங்கு (மரவள்ளி) அவித்துக் கொடுத்துவிட்டது, ரோடு அடைபட்டுக் கம்பத்துக்கு இறங்க முடியாமல் எங்கள் ஸ்டோரில் தங்கிய பெண்கள் ராத்திரி கும்மிப்பாட்டுப் பாடியது, என் மகன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் போட்டது. எழுதியிராவிட்டால் இதெல்லாம் எனக்கு இல்லாமலேயே போயிருக்கும். உன் அப்பாவின் கடைசி வாரத்திலும் இப்படி ஏதாவது இருக்கும். இப்போது அது உன் கண்ணில் படாது.

பதில்: தமிழ்வழி ஆசிரியர் (பீருமேடு தாலுகா)

அக்கா அனுபவத்தில் கண்டுபிடித்ததைத்தான் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எங்கள் பள்ளியில் பிள்ளைகளை எழுத வைப்பதற்காகக் கொஞ்சம் படித்தேன். சகோதரிக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம் எழுத வேண்டும். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்களை மிகவும் பாதித்த நிகழ்ச்சியை எழுதினார்கள். நடந்ததையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியதுதான். அதனால் எழுதினாலே எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிற்பாடு அந்த எழுத்துகளை அலசியபோது, 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனவர்களுக்கே அதிகப் பலன் தெரிந்தது. அக்காவின் அந்த ஒரு வரி இதேதான்.

எழுதி முடித்த கையோடு மனசு முன்பைவிடக் கனமாக இருக்கும். அழுகை வரலாம். ஆய்வுகளிலும் அப்படித்தான், கொஞ்ச நேரம் கழித்தே தணிகிறது. அப்பாவைப் பற்றி எழுதுவதைப் படுக்கப் போகும் நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் எழுதுங்கள். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்து, எழுத எழுத இறுக்கம் கூடினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால் எழுத்தை மட்டும் நம்பி இருக்கவே கூடாது.

படுக்கும்போது எழுத வேறொன்று இருக்கிறது. 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 57 இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் தூங்க வைத்தார்கள். படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பாதிப் பேர் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுத எழுதப் பலன் கூடியது. 'கூலி பாக்கி' என்று எழுதாமல், 'காலையில் போனதும் இன்னார் கூலியைச் சரிபார்க்க வேண்டும்' என்று எழுதுங்கள். நோட்டில் ஏறிவிட்டது, நாளை வரைக்கும் பத்திரமாக இருக்கும் என்று தெரிந்தால் மனம் அதைக் காவல் காப்பதை விட்டுவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

நடை நன்றாக வருமா என்ற தயக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி வேட்டுப் போட்டார்கள், துரை என்ன சொன்னார், தனக்கு என்ன மனத்தாங்கல் என்று எல்லாமே பேச்சுக்கு நெருக்கமான நடையில் இருக்கும். இலக்கணம் பார்த்து எழுதியிருந்தால் அவ்வளவும் கிடைத்திருக்காது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுகிறார்கள். டைரியில் இரண்டும் கலந்து வந்தால் நான் திருத்துவதே இல்லை.

பதில்: போடிமெட்டு ஜீப்

தங்கச்சி, நான் ஜீப் ஓட்டுகிறவன். காலையில் ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பு. அந்த நேரத்தில் எழுதுவேன். அக்கா மாதிரி அரைப் பக்கம் எல்லாம் வராது. ஒரு நாளைக்கு ஒரு வரிதான்.

2020ல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோது வண்டி வீட்டு வாசலில் நின்றது. மேலே காய் பழுத்துக் கொட்டுகிறது என்று ஃபோன் வரும், கீழே ஆட்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். இ-பாஸ், டெஸ்ட் என்று மாதக்கணக்கில் இழுத்தது. வண்டிக்குத் தவணை கட்ட வேண்டும். அந்த வருடத்து நோட்டை இப்போது எடுத்தால், தவணை பற்றிப் பத்து வரிக்கு ஒரு வரி இருக்கிறது. மற்றதெல்லாம் என் சின்ன மகள். அன்றைக்குத்தான் நிலாவைக் காட்டி 'அதை இறக்கு' என்றாள், அன்றைக்குத்தான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தாள். மூத்தவன் அந்த வயசில் என்ன பேசினான் என்று கேட்டால் எனக்கு ஒன்றுமே தெரியாது. அப்போது நான் தினமும் மலையில் இருந்தேன், எழுதவும் இல்லை. எனக்குக் கிடைத்த பலன் என் பிள்ளைதான்.

ஒரு வரி என்றால் சோம்பல் வராது. விட்டுப்போன நாளைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த நாளிலிருந்து எழுதலாம். ஃபோனில் எழுதிப் பார்த்தேன், வாட்ஸப் வந்து கவனத்தைக் கெடுத்துவிடுகிறது. இருபது ரூபாய் நோட்டு போதும்.

ஸ்டோர்க்கணக்கு

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஆசிரியர் சொன்ன மாதிரி படுக்கும்போது நாளைய வேலையை மட்டும் எழுதிப் பார்த்தேன். கூலிக் கணக்கு தலையில் ஓடுவது குறைந்திருக்கிறது, உண்மையாகவே சொல்கிறேன். அப்பாவைப் பற்றி எழுதுவதற்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். 'ஏன் மதுரைக்கு உடனே போகவில்லை' என்று எழுதிவிட்டுக் காரணத்தை எழுதப் போனால், அன்றைக்கு அப்பாவே வேண்டாம் என்று சொன்னது, மறுநாள் காலை பார்க்கலாம் என்று அவரைப் பார்த்த டாக்டரும் சொன்னது எல்லாம் வரிசையாக வந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இரவில் யோசிக்கும்போது ஒரு நாளும் வந்ததில்லை.

ஒரு கஷ்டம். வீட்டில் இரண்டே அறை. அண்ணன் எதையும் எடுத்துப் புரட்டிவிடுவான். அம்மா படித்தால் உடைந்துபோவார். இதற்கு என்ன செய்வது அக்கா?

அணக்கரைக்காரி

நல்லதும்மா, அந்தப் பக்கத்தை எழுதியதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும்.

எழுதுவதுதான் முக்கியம், வைத்துக்கொள்வது கட்டாயம் இல்லை. அண்ணன் மேல் கோபம், கடன், டாக்டர் சொன்னது என்று யார் கண்ணிலும் படக்கூடாததைத் தனித்தாளில் எழுது. அதிலிருந்து உனக்கு என்ன புரிந்தது என்பதை மட்டும் ஒரு வரி நோட்டில் ஏற்றிக்கொண்டு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. நான் நிறையப் போட்டிருக்கிறேன். நோட்டில் பெயர் எழுதாதே, உனக்கு மட்டும் தெரிகிற ஓர் எழுத்துப் போதும். ஸ்டோர் மேசையில் மட்டும் வைக்காதே. அது முதலாளி மேசை, சாவி உன்னிடம் மட்டும் இருக்காது. தினமும் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பையின் அடியில் சின்ன நோட்டு அடங்கும்.

அப்புறம், அப்பாவுக்கு என்று வேறொரு நோட்டுப் போடு. அது ஒளித்து வைக்கிற நோட்டு இல்லை. ஆஸ்பத்திரி, கடைசி வாரம் எதுவும் அதில் வேண்டாம். அவர் எப்படிக் கூப்பிடுவார், எந்தக் கடையில் வெற்றிலை வாங்குவார், திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்திருந்தால் அதில் எதைப் பற்றிப் பெருமை பேசுவார், அதையெல்லாம் எழுது. அம்மாவிடம் கேட்டு எழுது. நீ பிறப்பதற்கு முந்தைய அப்பாவை அவருக்குத்தான் தெரியும். அண்ணன் எடுத்துப் புரட்டினால் புரட்டட்டும், அவனுக்குத் தெரிந்ததையும் அதிலேயே எழுதச் சொல்.